அறுத்துக் குறுக்கிய த்ரீ நாட் த்ரீக்குத் தோட்டா கட்டுவது

லீ-என்ஃபீல்ட் துப்பாக்கிக்கு வீட்டில் தோட்டா கட்ட உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த மருந்து, எத்தனை கிரெயின்?" என்றுதான். கேள்வி தப்பில்லை. ஆனால் வரிசையில் அது கடைசியில் வர வேண்டியது. இந்தத் துப்பாக்கியில் குறி சிதறுவதற்கான காரணம் மருந்து டப்பாவில் இருப்பதைவிடப் பித்தளைக் கூட்டிலும், குழலிலும், மரக்கட்டையிலும் இருப்பதே அதிகம். அதைச் சரிபார்க்காமல் மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தால் காசுதான் கரியாகும்.

பேசப்படும் சாமான் எது என்பது முதலில். நம்மூர்க்காரர்களுக்கு இது "த்ரீ நாட் த்ரீ" என்றால் உடனே புரியும். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பாரா நின்றவர் தோளில் பல வருஷம் தொங்கியது இதுதான். வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் கால்ட் என்ற ஊரில் வளர்ந்தவர். அந்தப் பொருத்தமோ என்னவோ, இரண்டாம் உலகப் போரின்போது டொராண்டோவை ஒட்டிய லாங் பிராஞ்ச் ஆலையில் இதன் நம்பர் 4 மாடல் லட்சக்கணக்கில் தயாரானது. போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சியவை சல்லிசான விலைக்கு வெளியே வந்தன. மான் வேட்டைக்கும், மூஸ் என்ற ராட்சத மான் வேட்டைக்கும் போகிற கனடாக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

(இந்தியாவில் .303 தனியார் வைத்துக்கொள்ள முடியாத ரகம். அதனால் இஷாப்பூர் ஆலை அதே லீ-என்ஃபீல்ட் உடம்பில் .315 தோட்டாவுக்கான குழலைப் பொருத்தி விற்றது. அது தனிக் கதை.)

வாங்கியவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்களா? இல்லை. ராணுவத் துப்பாக்கி கனம். மூக்குவரை மரம் போர்த்தியிருக்கும். ரம்பத்தை எடுத்து முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள். 25 அங்குலத்துக்குச் சற்று மேலான குழலை நாலைந்து அங்குலம் குறைத்தார்கள். குறிமுள்ளைக் காக்கும் காதுகளைக் கழற்றி வீசினார்கள். கட்டைக்கு வார்னிஷ் அடித்தார்கள். இதற்குத்தான் ஸ்போர்ட்டரைஸ் செய்வது என்று பெயர். பழம்பொருள் சேர்ப்பவர்கள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் காட்டுக்குள் நாள் முழுக்கச் சுமக்கிறவனுக்கு இதுதான் வசதி.

பிரச்சினை எங்கே என்றால், அந்த முன்கட்டை வெறும் அலங்காரம் இல்லை. நம்பர் 4 மாடலில் கட்டையின் முனை குழலைக் கீழிருந்து சில பவுண்டு விசையோடு மேலே தாங்கும்படி படைக்கலக்காரர்கள் செதுக்கி வைத்திருந்தார்கள். சுடும்போது குழல் அதிர்வதை அந்த அழுத்தம் கட்டுப்படுத்தியது. கட்டையை அறுத்தவுடன் அது போய்விட்டது. அதனால் முழுக்கட்டை லீ-என்ஃபீல்டைப் பற்றிப் பழைய குறிசுடும் ஆட்கள் சொல்லி வைத்த சூத்திரங்கள் எதுவும் அறுத்ததற்கு அப்படியே பொருந்தாது. குழல் எதன்மேலும் படாமல் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்தால் தெரிந்துவிடும். ஒரு பக்கம் போய் மறுபக்கம் மாட்டினால் அதுதான் மோசம். மழையில் மரம் ஊறும்போது அந்த ஒரு பக்கத் தொடுதல் இடம் மாறும், குறியும் கூடவே மாறும். ஒன்று முழுக்க மிதக்க விட வேண்டும், இல்லையென்றால் திட்டமாக ஓர் இடத்தில் தாங்கல் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், விசைக்கு முன்னால் உலோக உடம்பு கட்டையில் உட்காரும் இடம். சுட்ட அதிர்ச்சியை வாங்குவது அங்கேதான். அந்த மரம் சுருங்கியிருந்தாலும் எண்ணெய் குடித்து மெத்தென்று ஆகியிருந்தாலும் எந்தத் தோட்டாவும் ஒரே இடத்தில் விழாது.

அடுத்து குழலின் வாய். ராணுவத்தில் கயிற்றில் துணி கட்டி இழுத்துத்தான் குழலைத் துடைப்பார்கள். கயிறு ஒரே பக்கம் உரசி உரசி வாய் முட்டை வடிவமாகியிருக்கும். அறுத்த துப்பாக்கியில் அந்தத் தேய்ந்த முனை குழல்துண்டோடு போய்விட்டது, ஒரு வகையில் லாபம். ஆனால் புது வாயை யார், எதைக் கொண்டு வெட்டினார் என்பதுதான் கேள்வி. கடைசல் யந்திரத்தில் ஏற்றிச் செதுக்கியிருந்தால் சரி. கொல்லைப்புறத்தில் ரம்பமும் அரமும் வைத்து முடித்திருந்தால், குண்டு வெளியேறும் கடைசித் தருணத்தில் ஒரு பக்கம் வாயு முந்திக்கொண்டு கசிந்து குண்டைச் சாய்த்துவிடும். வாயை நேராக வெட்டிக் கொடுக்கப் பட்டறைக்காரர் வாங்கும் கூலி, வீணாகும் குண்டுகளின் விலையைவிடக் குறைவு.

உள்பக்கம் எப்படி? ஆரம்பகால கார்டைட் மருந்தில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். கொளுத்தும் சூடு. தோட்டா அறைக்கு அடுத்து ரைஃப்ளிங் (குழலின் சுழல் பள்ளங்கள்) தொடங்கும் தொண்டைப் பகுதியை அது அரித்துத் தின்றுவிடும். பின்னால் அளவை 30 சதவீதமாகக் குறைத்தார்கள், ஆனாலும் அரிப்பு நின்றுவிடவில்லை. போதாததற்குப் பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட். வெடித்தபின் மிஞ்சுவது ஒருவகை உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துருப்பிடிக்க வைக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் எண்ணெய் மட்டும் போட்டு மூலையில் சாத்தியவர்களின் குழலில் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருக்கும். அப்படிப்பட்டதும் ஓரளவு நன்றாகச் சுடலாம், ஆனால் செம்பு சீக்கிரம் அப்பிக்கொள்ளும், அடிக்கடி துடைக்க வேண்டிவரும்.

இப்போது அளவெடுப்பது. பெயர்தான் .303, அது பள்ளங்களுக்கு நடுவே மேடு மேடாக இருக்கும் பகுதிகளின் விட்டம். பள்ளத்தோடு சேர்த்தால் .311, .312 அங்குலம் இருக்க வேண்டும். இருக்க வேண்டும், அவ்வளவுதான். போர்க்கால அவசரத்தில் செய்த குழல்களில் .309 முதல் .315ஐத் தாண்டியும் இருக்கும். மென்மையான ஈயத்துண்டு ஒன்றை எண்ணெய் தடவிக் குழல் வழியே தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்தால் உண்மை தெரியும். இதிலும் ஒரு வம்பு. லீ-என்ஃபீல்ட் குழலில் பெரும்பாலும் பள்ளம் ஐந்து. ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு வரும், சாதாரண மைக்ரோமீட்டர் சரியாக உட்காராது. வி வடிவத் தாங்கல் உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். லாங் பிராஞ்ச், அமெரிக்காவின் சாவேஜ் ஆலைகளின் போர்க்காலத் தயாரிப்பில் இரண்டே பள்ளம் உள்ளவையும் உண்டு. அவற்றை அளப்பது சுலபம். (இரண்டு பள்ளமா, அப்படியானால் மட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. செம்பு உறை போட்ட குண்டுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை.)

.308 துப்பாக்கிக்கான குண்டு கடையில் எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு என்று அதைக் கொண்டுவந்து இதில் அடைப்பது வீண் வேலை. பள்ளத்தை நிரப்பாத குண்டு குழலுக்குள் ஆடிக்கொண்டே போகும்.

சரி, இப்போது பித்தளைக் கூடு. இந்தத் துப்பாக்கியின் விஷயமே இதில்தான் இருக்கிறது.

.303 தோட்டாவின் அடியில் வெளியே துருத்திய விளிம்பு உண்டு. அந்த விளிம்பின் முன்பக்கம் குழலின் பின்முனையில் முட்டி நிற்பதால்தான் தோட்டா அறைக்குள் இன்னும் ஆழமாகப் போகாமல் இருக்கிறது. விளிம்புக்கென்று விடப்படும் இடம் .064 அங்குலம் முதல் .074 அங்குலம்வரை. சேறும் மணலும் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்பதற்காக அறையின் முன்பகுதியைத் தாராளமாகக் குடைந்திருக்கிறார்கள். பதுங்குகுழிச் சண்டைக்கு அது புத்திசாலித்தனம். தோட்டாவின் தோள் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி ராணுவத்துக்குக் கவலையே இல்லை. ஒரு தடவை சுட்டால் கூடு குப்பைக்குத்தான்.

மறுபடி அடைக்கிறவனுக்கு அப்படி இல்லை. புதுக்கூட்டின் தோளுக்கும் அறையின் தோளுக்கும் நடுவே நிறைய வெற்றிடம். சுட்டதும் கூட்டின் மெல்லிய மேல்பாதி அறைச் சுவரைக் கவ்விக்கொள்கிறது. தடித்த அடிப்பாகம் மட்டும் போல்டின் முகத்தில் போய் முட்டும்வரை பின்னால் இழுபடுகிறது. இழுபடுவதற்கு வேண்டிய பித்தளை எங்கிருந்து வரும்? விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, அடித்தடிப்பு முடிந்து சுவர் தொடங்கும் இடத்திலிருந்து. அங்கே சுவர் மெலிகிறது. இதில் இன்னொன்றும் சேர்கிறது. லீ-என்ஃபீல்டின் போல்டைப் பூட்டும் பற்கள் மவுசரைப் போல முன்னால் இல்லை, பின்னால் இருக்கின்றன. அழுத்தம் வரும்போது நீண்ட போல்ட் தண்டு கொஞ்சம் அமுங்கும், உடம்பு கொஞ்சம் நீளும். இந்த நெகிழ்வும் கூட்டை இழுக்கும் கணக்கில்தான் சேரும்.

சுட்ட கூட்டைப் பிரஸ்ஸில் ஏற்றி முழு டையில் இறக்கினால் தோள் மறுபடி பின்னுக்குப் போய்ப் பழைய அளவுக்கு வந்துவிடும். திரும்பச் சுட்டால் திரும்ப இழுபடும். கம்பியை வளைத்து நிமிர்த்தி வளைத்து நிமிர்த்திக் கடைசியில் ஒடிப்பது மாதிரிதான். மூன்று நான்கு முறையிலேயே கூடு குறுக்காக இரண்டாகப் பிய்ந்து, அடி வெளியே வரும், மேல்பாதி அறைக்குள் மாட்டிக்கொள்ளும். வாயு பின்னால் பீறிட்டால் கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடி போடாமல் இதைச் சுடுவது முட்டாள்தனம், வேறு மென்மையான சொல் இல்லை.

பிய்வதற்கு முன் கூடு எச்சரிக்கும். வெளியே அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். உள்ளே பார்க்க ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முனையை மட்டும் குட்டைக் கொக்கியாக மடக்கிக் கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே சுவரை ஒட்டி இழுக்க வேண்டும். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் ஒரு சிறு பள்ளத்தில் டக்கென்று தட்டும். தட்டினால் அந்தக் கூட்டை நசுக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். 'இன்னும் ஒரு தடவை' என்ற பேச்சே வேண்டாம்.

நம்பர் 4 மாடலில் போல்டின் தலையைத் திருகிக் கழற்றலாம். 0, 1, 2, 3 என்று எண் போட்டு, ஒன்றைவிட ஒன்று நீளமாகத் தலைகள் வரும். எண்ணைக் கூட்டினால் விளிம்பின் இடைவெளி குறையும். கூடு பிய்கிறது என்றதும் மூன்றாம் எண் தலையைத் தேடி ஓடுகிறவர்கள் நிறையப்பேர். இடைவெளி அளவுக்கு மேல் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் தோளுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் எந்தத் தலையைப் போட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

உண்மையான வைத்தியம் மலிவானது. புதுக்கூட்டை முதல்முறை சுடும்போது விளிம்புக்கு முன்னால் ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங் மாட்டிவிட வேண்டும். அது கூட்டைப் பின்னால் தள்ளி, அடி போல்டின் முகத்தோடு ஒட்டி நிற்கும்படி செய்கிறது. சுட்டால் அடி இழுபட இடமில்லை. கூடு தோளில்தான் முன்பக்கமாக ஊதும். அந்த ஒரு சுடுதலிலேயே கூடு அந்த அறையின் அச்சாகிவிடுகிறது. அதற்குப் பிறகு முழு டை வேண்டாம், கழுத்தை மட்டும் இறுக்கும் டை போதும். தோட்டா இப்போது விளிம்பில் இல்லாமல் தோளில் நிற்கிறது. அறையின் நடுமையத்தில் நேராகவும் நிற்கிறது. குறி கூடுவதற்கு இந்த ஒரு மாற்றம் செய்வதை எந்த மருந்தும் செய்யாது.

ஒரு நிபந்தனை உண்டு. இந்தக் கூடுகள் இந்தத் துப்பாக்கிக்கு மட்டும்தான். அண்ணன் துப்பாக்கியில் சுட்டதைத் தம்பி துப்பாக்கியில் போட்டால் பெரும்பாலும் போல்ட் மூடாது. டப்பாவில் பெயர் எழுதி வைப்பது நல்லது.

கூட்டின் நீளம் 2.222 அங்குலத்தைத் தாண்டினால் வாயைச் சீவ வேண்டும். கழுத்து பலமுறை விரிந்து சுருங்கி விறைத்துப்போகும், அதைச் சூடுகாட்டி இளக்கினால் வெடிக்காது. கூட்டைத் தேர்ந்தெடுப்பதில், பழைய பிரிட்டிஷ் ராணுவக் கூடுகளை விட்டுவிடலாம். அவை பெர்டன் வகை, அடியில் இரண்டு சிறு துளைகள். டையின் நடு ஊசியை இறக்கினால் ஊசிதான் உடையும். கிரேக்கத் தயாரிப்பான எச்எக்ஸ்பி முத்திரைக் கூடுகள் பாக்ஸர் வகை, தடிப்பானவை. மறுபடி அடைக்கிறவர்களிடம் அவற்றுக்கு எப்போதும் கிராக்கி. செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் கூடுகளும் நன்றாகவே உழைக்கின்றன.

குண்டுக்கு வருவோம். 1910இல் வந்த மார்க் 7 ராணுவத் தோட்டாவின் குண்டு 174 கிரெயின், அடி தட்டை, வேகம் நொடிக்கு 2440 அடி. குறிமுள் அதற்காகக் கணக்குப் போட்டது. தேய்ந்த தொண்டைக்கு இன்றும் தட்டை அடி உள்ள 174, 180 கிரெயின் குண்டுகள்தான் முதலில் முயல வேண்டியவை. நீளமான நேர்ப்பக்கம் ரைஃப்ளிங்கை நன்றாகப் பிடிக்கும். படகு போலக் குறுகும் அடி புதுக்குழலில் அருமை, அரித்த தொண்டையில் மனசு வைத்தால் நேராகப் பறக்கும், இல்லையென்றால் சிதறும். மானுக்கு 150 கிரெயின் போதும், மூஸுக்கு 180. வேட்டைக்கு மென்முனைக் குண்டுதான். முழு உறைக் குண்டு ராணுவத்துக்கு.

குண்டை எவ்வளவு வெளியே நீட்டி வைப்பது என்பது புதுத் துப்பாக்கிக்காரர்கள் மணிக்கணக்கில் விவாதிக்கும் விஷயம். இங்கே விவாதத்துக்கு இடமில்லை. அரித்த தொண்டையில் ரைஃப்ளிங் எங்கோ தூரத்தில் தொடங்கும். அதைத் தொடும்படி குண்டை நீட்டினால் தோட்டா மேகசினுக்குள் நுழையாது. மொத்த நீளத்துக்கு வரம்பு 3.075 அங்குலம். மேகசின் விடும்வரை நீட்டிவிட்டு, எல்லாத் தோட்டாவிலும் ஒரே நீளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கடைசியாக மருந்து. ஐஎம்ஆர் 4895, எச்4895, ஐஎம்ஆர் 4064, வார்ஜெட் போன்ற நடுத்தர வேக மருந்துகள் இந்தக் கூட்டின் கொள்ளளவுக்குப் பொருந்தும். அளவை மருந்து உற்பத்தியாளர் அல்லது குண்டு உற்பத்தியாளர் வெளியிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். யாரோ சொன்னார், எங்கோ படித்தது என்பதெல்லாம் இந்த இடத்தில் செல்லாது. .303க்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 49,000 பிஎஸ்ஐ. இன்றைய .308 தோட்டாவுக்கு 62,000. இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே, இந்த உடம்பில் .308இன் வேகத்தைத் தேடக் கூடாது என்பது விளங்கும்.

கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பித்து அரை கிரெயின் வீதம் ஏற்றி, ஒவ்வொரு அளவிலும் ஐந்து தோட்டா கட்டி, நூறு கெஜத்தில் திண்டில் சாய்த்துச் சுட்டுப் பார்ப்பது வழக்கமான முறை. நடுவில் குழலை ஆறவிட வேண்டும். மெல்லிய குழல் சூடேறினால் குண்டுகள் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிக்கும். மூன்று தோட்டாவில் ஒரு பிரமாதமான கூட்டம் விழுந்தது என்று அங்கேயே நிறுத்துகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஒரே அளவில் கட்டிய பத்துத் தோட்டாவைச் சுட்டால் விழும் கூட்டத்தின் அகலம், மூன்று தோட்டா சுட்டதைப்போல் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் இருக்கும். அது கணக்கு, துப்பாக்கியின் குற்றம் இல்லை. தேறியது என்று தோன்றும் அளவை இன்னொரு நாள் பத்துத் தோட்டா கட்டிச் சுட்டபின் நம்பலாம். அறுத்த த்ரீ நாட் த்ரீயிலிருந்து நூறு கெஜத்தில் இரண்டு அங்குலம் கிடைத்தால் அது நல்ல துப்பாக்கி. ஓர் அங்குலம் என்று சொல்கிறவர்கள் எத்தனை தோட்டா என்று சொல்வதில்லை.

அழுத்தத்தின் அடையாளங்களை இந்தத் துப்பாக்கியில் படிப்பது சிரமம். பிரைமர் தட்டையாவதும் போல்ட் இறுகுவதும் தாமதமாகத்தான் தெரியும். அவை தெரியும்போது 49,000 எப்போதோ தாண்டியிருக்கும். பிரைமர் வெளியே துருத்தியிருந்தால் அழுத்தம் அதிகம் என்று பலர் பயப்படுவார்கள். பெரும்பாலும் அது நேர்மாறு: மருந்து குறைவு, இடைவெளி அதிகம், அடியைப் பின்னால் தள்ளப் போதிய விசை இல்லை. நம்பக்கூடியது வேகமானி. கையேடு சொல்லும் வேகம் வந்துவிட்டதென்றால், மருந்தின் அளவு பாக்கி இருந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். தோட்டாவில் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் இருக்கக் கூடாது. பித்தளை அறைச் சுவரைக் கவ்வாமல் வழுக்கினால் மொத்த உதையும் போல்டின்மேல்தான் விழும்.

கனடாவில் வேட்டைக் காலம் இலையுதிர் காலத்தின் பின்பகுதி. பனி கொட்டும். ஜூலை வெயிலில் தேர்வு செய்த தோட்டா நவம்பர் குளிரில் வேகம் குறைந்து தாழ விழலாம். குளிரில் உச்சத்துக்கு ஏற்றியது வெயிலில் அழுத்தம் மீறலாம், அது இன்னும் மோசம். அதனால் உச்ச அளவை வெயிலில் சோதித்துவிட்டு, குறிமுள்ளைக் குளிரில் திருத்துவது நல்ல வழக்கம். (வடகோடியில் காவல் இருக்கும் கனேடியன் ரேஞ்சர்கள் 1947இலிருந்து 2018 வாக்கில் புதுத் துப்பாக்கி வரத் தொடங்கும்வரை நம்பர் 4ஐத்தான் வைத்திருந்தார்கள். உறைபனியில் இது மக்கர் பண்ணாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.) திருத்தும்போது கவனிக்க வேண்டியது ஆறிய குழலிலிருந்து போகும் முதல் தோட்டா. மான் இரண்டாவது தோட்டாவுக்குக் காத்திருக்காது. வெவ்வேறு நாட்களில் முதல் தோட்டா எங்கே விழுந்தது என்று ஒரே காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்து, அந்த இடத்துக்குத்தான் குறிமுள்ளை வைக்க வேண்டும்.

காட்டுக்கு எடுத்துப் போகும் தோட்டாக்களை முன்கூட்டியே ஒவ்வொன்றாக அறையில் போட்டு, பாதுகாப்பான திசையில் குழலைப் பிடித்து, போல்ட் தடையில்லாமல் மூடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கழுத்து மட்டும் இறுக்கிய கூடு நாலைந்து முறைக்குப் பின் கொஞ்சம் இறுகும். அப்போது தோளை நூலளவு பின்னால் தள்ள டையை இறக்கிச் சரிசெய்யலாம். மேகசினில் ஏற்றும்போது மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் இரண்டும் கொக்கி மாட்டிக்கொண்டு மேலே வராது.